லைப்ரரி மிஸ்

அவருடைய மேசையில் இரண்டு போன்கள் இருக்கின்றன. ஒன்று வீட்டாரோடு பேசுவதற்கு. மற்றது திரையில் கீறல் விழுந்த, விலை குறைந்த, பழைய போன். அந்த எண்ணுக்கு யாரும் அழைப்பதில்லை. காலையில் நூலகக் கதவைத் திறந்து, பத்திரிகைகளை மேசையில் விரித்து, திகதி முத்திரையின் நாளை மாற்றியதும் அவர் கையில் எடுப்பது அந்தப் பழைய போனைத்தான். புதிதாகக் கேள்விப்பட்ட ஒரு கல்வித் தளத்தை அதில் திறக்கிறார். வட்டம் சுழல்கிறது. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரு நிமிடம் போகிறது. வட்டம் இன்னமும் சுழல்கிறது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நீல மட்டை போட்ட கொப்பியில் ஒரு வரி எழுதுகிறார்.

மன்னார்த் தீவின் கரையோரக் கிராமங்களில் பல வீடுகளுக்கு ஒரே போன். இரவில் அது தகப்பனோடு கடலுக்குப் போகும். பகலில் பிள்ளையின் கைக்கு வரும். அந்தப் போனில் திறக்காத தளம் அந்தப் பிள்ளைக்கு இல்லாத தளம். ஆகவே நூலகத்துக் கணினியில் நன்றாக ஓடுகிறதா என்று அவர் பார்ப்பதில்லை. பிள்ளையின் கையில் ஓடுமா என்று பார்க்கிறார்.

பத்திரிகை மேசையில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு ஓரமாக உட்கார்ந்தால் அவருடைய மேசை முழுவதும் தெரியும். ஐம்பதை நெருங்கும் வயது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக்கண்ணாடி. சோளகக் காற்று மணலை அள்ளிக்கொண்டு வரும் மாதம் இது. விசைப்பலகையின் மேல் போட்ட துணியை எடுத்து உதறி, வேலை முடிந்ததும் மறுபடி மூடுகிறார். வெளியே வீதியோர நிழலில் மன்னாரின் கழுதைகள் நிற்கின்றன. இவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு இவர் லைப்ரரி மிஸ்.

நீலக் கொப்பியில் தளத்துக்கு ஒரு பக்கம். மேலே பெயர், பார்த்த திகதி. கீழே எல்லாத் தளங்களிடமும் அவர் கேட்கும் ஒரே கேள்விகள். மின்னஞ்சல் முகவரி கேட்காமல் திறக்குமா? தமிழில் இருக்கிறதா? எங்கள் பாடத்திட்டத்தின் எந்தத் தரத்துக்கு, எந்த அலகுக்குப் பொருந்தும்? பத்து நிமிடக் காணொளிக்கு எவ்வளவு டேட்டா போகும்? இறக்கி வைத்துக்கொள்ள விடுமா? பிள்ளை பார்க்கக் கூடாத விளம்பரம் நடுவில் வருமா? ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சரி அல்லது ஒரு கோடு. கோடு விழுந்த பக்கங்களையும் அவர் கிழிப்பதில்லை. சில மாதம் கழித்து மறுபடி திறந்து பார்த்து, புதுத் திகதி போடுகிறார்.

சரிகள் நிறைந்த பக்கங்கள் சிலவே. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ முதலில் இருக்கிறது. தரம் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை மும்மொழியிலும் பாடம் வைத்திருக்கும் தளம் அது. அடுத்தது கல்வி வெளியீட்டுத் திணைக்களம். 1980 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் பாடநூல்கள் அந்தத் தளத்தில் பிடிஎஃப் கோப்புகளாகக் கிடைக்கின்றன. புத்தகம் நனைந்தோ தம்பி கிழித்தோ ஒரு பாடம் போய்விட்ட பிள்ளைக்கு, அந்தப் பாடத்தின் பக்கங்களை மட்டும் அச்செடுத்துத் தைத்துக் கொடுக்கிறார். மகரகம தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளும் அவருக்கு வேண்டும். ஓர் அலகின் முடிவில் பிள்ளைக்கு என்ன விளங்கியிருக்க வேண்டும் என்று அதில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படித்த பிறகே எந்தக் காணொளி போதும், எது பாடத்திட்டத்துக்கு வெளியே போகிறது என்று முடிவு செய்கிறார்.

தெரிந்தெடுத்தவற்றை அவர் இணையத்திலேயே விட்டுவைப்பதில்லை. கணினியில் தரவாரியாகக் கோப்புறைகள். தரத்துக்குள் பாடம், பாடத்துக்குள் அலகு. பென்டிரைவோடு வருகிறவர்களுக்குப் படியெடுத்துக் கொடுக்கிறார். தமிழ் விக்கிப்பீடியாகூட அந்தக் கணினிக்குள் இருக்கிறது. 2003இல் தொடங்கி ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டுரைகளாக வளர்ந்திருக்கும் அந்தக் கலைக்களஞ்சியத்தை, கிவிக்ஸ் என்னும் இலவசச் செயலி ஒரே கோப்பாக இறக்கித் தருகிறது. பிறகு இணைப்பு இல்லாமலே தேடலாம், வாசிக்கலாம்.

இந்தச் சேர்த்துவைக்கும் பழக்கத்துக்குப் பின்னால் நாடு கடந்துவந்த மூன்று ஆண்டுகள் இருக்கின்றன. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இல் போகிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுக்குள் நடந்து, ஒரு பாறையின் மேல் ஏறிப் பாடம் இறக்கிக்கொண்ட செய்தி உலகமெங்கும் போனது. 2022 மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. அந்த மாத இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லை. இணையம், மின்சாரம், தாள் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட காலம் அது. இருக்கும்போதே இறக்கி வை, இறக்கியதைப் பகிர்ந்து வை என்ற பாடத்தை அதில் படித்தவர்களில் இவரும் ஒருவர்.

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விடுகிறது. ரியூசன் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் நேரத்தில் நூலகம் நிறைந்துவிடுகிறது. வெள்ளைச் சீருடைகள், சைக்கிள் மணிகள், வாசலில் குவியும் செருப்புகள். முதலில் மேசைக்கு வருபவன் பதினோராம் தரத்துப் பையன்.

“மிஸ், மின்காந்தத் தூண்டல் விளங்கேல்ல.”

“புத்தகம் வாசிச்சனீங்களோ?”

பையன் பேசாமல் நிற்கிறான். அவர் எழுந்து போய்ப் பாடநூலை எடுத்து, பக்கத்தைத் திறந்து கொடுக்கிறார். “இதை முதல்ல வாசியுங்கோ தம்பி. பிறகு கொம்பியூட்டரைத் தாறன்.”

வாசித்து முடித்து வந்தவனுக்கு ஃபெட் பாவனையாக்கம் ஒன்றைத் திறந்து கொடுக்கிறார். நோபல் பரிசு பெற்ற பௌதிகவியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைத்த திட்டம் அது. ஒரே கோப்பாக இறக்கி வைத்திருப்பதால் இணைப்புத் தேவையில்லை. திரையில் ஒரு கம்பிச் சுருள், ஒரு காந்தம், ஒரு மின்குமிழ். பையன் காந்தத்தை இழுத்துச் சுருளுக்குள் விடுகிறான். குமிழ் எரிகிறது. வெளியே இழுக்கிறான். எரிகிறது.

“இப்ப காந்தத்தை உள்ளுக்க விட்டிட்டுச் சும்மா இருங்கோ.”

குமிழ் அணைகிறது. “ஏன் மிஸ் நூந்திட்டுது?”

அவர் பதில் சொல்லவில்லை. காத்திருக்கிறார். பையன் காந்தத்தை மெல்ல நகர்த்துகிறான், வேகமாக நகர்த்துகிறான், நிறுத்துகிறான். “அசைஞ்சாத்தான் கரண்ட் வருது. வேகமா அசைஞ்சா கூட வருது.” அவர் எழுந்து யன்னலைக் காட்டுகிறார். தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் தொடங்கிய தம்பபவனி காற்றாலையின் சுழலிகள் தெரிகின்றன. 30 சுழலிகள், எல்லாம் சேர்ந்து 103.5 மெகாவாற் வலு. “அங்க சுத்துறதுக்குள்ளயும் இதுதான் நடக்குது. காத்து அசைக்குது, கரண்ட் வருது.” பையன் யன்னலையும் திரையையும் மாறிமாறிப் பார்க்கிறான். நாள்தோறும் வீட்டு வாசலிலிருந்து பார்க்கும் சுழலி அவனுடைய பாடத்துக்குள் வந்துவிட்டது.

அறிவியல் தட்டின் பக்கத்தில் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. இரண்டு நிரல்கள். கலம், செல். இழையம், திசு. அட்சரகணிதம், இயற்கணிதம். பௌதிகவியல், இயற்பியல். இரசாயனவியல், வேதியியல். இடப்பக்கம் இலங்கைப் பாடநூலில் உள்ளது. வலப்பக்கம் தமிழ்நாட்டுப் பாடநூலில் உள்ளது. 2019இல் தொடங்கிய தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி உட்பட, யூரியூப்பில் உள்ள தமிழ்ப் பாடங்களில் பெரும்பங்கு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. இடப்பக்கச் சொல்லை மட்டும் இட்டுத் தேடும் பிள்ளைக்கு அவை அகப்படுவதில்லை. அட்டையைப் பார்த்து இரண்டையும் இட்டுத் தேடினால் இரு கரைகளின் ஆசிரியர்களும் கிடைக்கிறார்கள். பரீட்சையில் இடப்பக்கச் சொல்லையே எழுத வேண்டும் என்று அட்டையின் அடியில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார். தட்டுகளின் விளிம்பில் அங்கங்கே கியூஆர் கட்டங்கள் ஒட்டியிருக்கின்றன. புத்தகத்தை எடுக்க வந்த பிள்ளை போனைக் காட்டினால், அதே அலகுக்கான காணொளி திறக்கும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. கணினி எந்த நூலகத்திலும் இல்லாத காலத்து விதி. இந்த அட்டையையும் ஒட்டிய கட்டங்களையும் பார்க்கும்போது, அது இன்றைக்குத்தான் கூடுதலாகப் பொருந்துகிறது என்று படுகிறது. புத்தகம் அரிதாயிருந்த நாளில் பிள்ளை ஒன்றைக் கண்டுபிடிக்கத் திண்டாடியது. இப்போது ஆயிரம் வந்து விழுகின்றன. எது தனக்கானது என்று தெரியாமல் திண்டாடுகிறது. இரண்டு திண்டாட்டத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது.

அடுத்து ஒரு தாயும் மகளும். மகளின் கையில் உயர்தரப் பெறுபேற்றுத் தாள். பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் இணையவழியில்தான் போக வேண்டும். பெரும்பாலான துறைகளில் உள்ள இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிகின்றன. மன்னார் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களில் ஒன்று. பாடநெறிகளை எந்த ஒழுங்கில் இடுகிறோம் என்பதில் ஒரு பிள்ளையின் வாழ்க்கை திசை மாறும்.

தாய் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். “எனக்கு இதொண்டும் விளங்காது மிஸ். நான் புத்தளத்துக் காம்பில எட்டாம் ஆண்டோட நிப்பாட்டினது.” 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் மன்னார்த் தீவின் குடும்பங்களும் அடங்கும். புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்த பிறகு ஊர் திரும்பியவர்களின் பிள்ளைகள் இப்போது பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள்.

“உங்களுக்கு விளங்கத் தேவையில்லை அக்கா, மகளுக்கு விளங்கும்,” என்று சொல்லி விசைப்பலகையை மகளின் பக்கம் திருப்பி வைக்கிறார். அவர் ஓர் எழுத்துக்கூடத் தட்டுவதில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை அச்செடுத்துக் கட்டி வைத்திருக்கிறார்; அதைத் திறந்து, முந்திய ஆண்டின் வெட்டுப்புள்ளிகளை மகளின் இசட் புள்ளியோடு ஒப்பிட்டுப் பென்சிலால் குறித்துக்கொள்ளச் சொல்கிறார். கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறார். “அதை நீங்களே வையுங்கோ பிள்ளை. எனக்கும் சொல்லாதையுங்கோ. கொப்பியில எழுதி வீட்டில பத்திரமா வையுங்கோ.” கடையில் காசு கொடுத்து நிரப்பினால் கால் மணியில் முடியும் வேலை இங்கே நெடுநேரம் எடுக்கிறது. முடியும்போது மகள் அந்த விண்ணப்பத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் தாய்க்கு விளக்கிச் சொல்லக்கூடியவளாக எழுந்து போகிறாள்.

மூன்றாவதாக வந்த சிறுமியின் கையில் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்த ஒப்படை. தலைப்பு மன்னார்க் கோட்டை. அச்செடுத்த தாள் அழகாக இருக்கிறது. அவர் தாளைத் திட்டவில்லை, சிறுமியையும் திட்டவில்லை. தட்டிலிருந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்து, பென்சிலைக் கொடுக்கிறார். “இதில உள்ள ஒவ்வொரு வசனத்தையும் இந்தப் புத்தகங்களில தேடுங்கோ. இருந்தால் பக்கத்தை எழுதுங்கோ. இல்லாட்டில் கோடு போடுங்கோ.” கோட்டையைக் கட்டியவர்கள் ஒல்லாந்தர் என்று தாள் சொல்கிறது. போர்த்துக்கேயர் 1560இல் கட்டினர், ஒல்லாந்தர் 1658இல் கைப்பற்றி 1696இல் திருத்திக் கட்டினர் என்று புத்தகம் சொல்கிறது. சிறுமி முதல் கோட்டை அழுத்திப் போடுகிறாள். சிறிது நேரத்தில் அவளுக்கு அந்த வேலை பிடித்துப்போகிறது. தாள் முழுக்கக் கோடுகளும் பக்க எண்களுமாக நிறைகிறது. கடைசியில் அந்தத் தாளை மடித்துவிட்டு, தன் கொப்பியில் தானே எழுதத் தொடங்குகிறாள்.

நாடகமும் அரங்கியலும் படிக்கும் உயர்தர மாணவன் ஒருவன் மெல்லக் கேட்கிறான். “மிஸ், எங்கட வாசாப்பைப் பற்றி ஏதும் இருக்குமோ?” மன்னார்க் கத்தோலிக்கக் கிராமங்களின் கூத்து மரபு அது. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரு பாங்குகள் கொண்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் மூவிராசர் நாடகம், ஞானசவுந்தரி நாடகம் முதலியவற்றை 1960களில் பதிப்பித்தார். அந்தப் பதிப்புகளைத் தட்டில் தேடிப் பயனில்லை. போரும் இடப்பெயர்வும் கண்ட பிரதேசத்தில் பழைய புத்தகம் ஒன்று நின்று பிழைப்பதே அரிது. அவர் ‘நூலகம்’ என்னும் இணையத்தளத்தைத் திறக்கிறார். 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் மின்படியாக்கிச் சேர்த்துவரும் இடம். அங்கே ஆவணங்கள் ஒரு இலட்சத்தைத் தாண்டிவிட்டன. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு 97,000 நூல்கள் எரிந்ததைக் கண்ட சமூகம், தன் எழுத்தை இனி ஒரே கட்டடத்துக்குள் விட்டுவைக்கக் கூடாது என்று கற்றுக்கொண்டதன் பயன் அது. கூத்து, நாட்டார் வழக்காறு, மன்னார் என்று ஒவ்வொன்றாக இட்டுத் தேடவும், நூலக எண்ணையும் வெளியீட்டாண்டையும் குறித்துக்கொள்ளவும் காட்டிக் கொடுக்கிறார். மாணவன் பக்கங்களைத் திறந்து வாசிக்க வாசிக்க அவன் உதடு அசைகிறது. அவனுக்கு மெட்டுத் தெரியும்.

மூன்று மணிக்குள் கூட்டம் கலைகிறது. அப்போதுதான் நீலக் கொப்பியின் கடைசிப் பக்கங்கள் திறக்கின்றன. அங்கே தலைப்பு: இல்லாதவை. பிள்ளைகள் கேட்டு, அவர் தேடி, கிடைக்காமல் போனவற்றின் பட்டியல். தரம் 12 தொழினுட்பப் பாடத்துக்குத் தமிழில் செய்முறைக் காணொளி. செவிப்புலன் குறைந்த பிள்ளைக்குச் சைகையோடு கணிதம். ஆவுளியா என்னும் கடற்பசுவைப் பற்றி எட்டாம் தரத்துப் பிள்ளை தானே வாசிக்கக்கூடிய கட்டுரை. மன்னார்க் கடலின் புற்கள், படத்தோடு, தமிழில். பாமினி எழுத்துருவில் தட்டியதால் தேடலில் அகப்படாமல் கிடக்கும் பழைய பயிற்சித் தாள்களை ஒருங்குறிக்கு மாற்றிய கோப்பு. ஒவ்வொன்றின் முன்னும் திகதி. எத்தனை பிள்ளைகள் கேட்டார்கள் என்பதற்குச் சிறு கோடுகள்.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013இல் தொடங்கியது. அதைத் தமிழில் படிக்கும் பிள்ளைக்கு எங்கே இடறுகிறது என்று கேட்டால், பெரிய ஆய்வுக்குக் காத்திராமல் இந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். இணையத்தில் என்ன இருக்கிறது என்பதைத் தேடுபொறி காட்டும். எது இல்லாததால் ஒரு பிள்ளை வெறுங்கையோடு வீடு போனது என்பதை, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தவரே எழுதி வைக்க முடியும். பொது நூலகங்களை நடத்துவது உள்ளூராட்சி சபைகள். புத்தகம் வாங்க ஒதுக்குவதுபோல இணைப்புக்கும் அச்சு மைக்கும் இன்னொரு கணினிக்கும் அவை ஒதுக்க வேண்டும். அதைவிட முதலாக, நூலகர் தேடுவதற்கும் சோதிப்பதற்கும் செலவிடும் காலை நேரத்தை வேலை நேரமென்று ஏற்க வேண்டும்.

நாலு மணியளவில் தலைமன்னார்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்குகிறார். பென்டிரைவை நீட்டுகிறார். “எட்டிலயிருந்து பதினொண்டு வரைக்கும் விஞ்ஞானம், கணிதம் வேணும் மிஸ்.” கோப்புகள் படியாகும் வரை அவர் நீலக் கொப்பியின் கடைசிப் பக்கங்களை ஆசிரியர் முன் வைக்கிறார். ஒரே ஒரு வரிக்கு நேரே பச்சை மையில் செய்தாச்சு என்று எழுதியிருக்கிறது. பிள்ளைகள் பலர் கேட்டும் கிடைக்காத ஓர் அலகை, இதே ஆசிரியர் தன் போனிலேயே கரும்பலகை முன் நின்று பதிவுசெய்து கொடுத்திருக்கிறார். இப்போது அது கோப்புறைக்குள் இருக்கிறது. மற்ற ஊர்களுக்கும் போகிறது.

“அடுத்தது எது மிஸ்?” என்கிறார் ஆசிரியர்.

“ஆவுளியா. எழுதித் தாங்கோ சேர், படம் நான் எடுக்கிறன். உங்கட பிள்ளையள் எதைத் தேடி இல்லையெண்டு சொல்லுதுகளோ, அதையும் எழுதி அனுப்புங்கோ.”

ஆசிரியர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து, அந்தப் பட்டியலின் கீழே அப்போதே ஒன்றைச் சேர்க்கிறார். தீவின் ஒவ்வொரு பாடசாலையிலும் நூலகத்திலும் இப்படி ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். அந்தப் பக்கங்கள் ஒன்றுசேர்ந்து மகரகமைக்கும் கல்வி அமைச்சுக்கும் போக வேண்டும். தமிழில் படிக்கும் பிள்ளைகளுக்காக அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பது அவற்றில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.